டில்லிக்குப் போக வேண்டியவர்

இருதயநாதனைப் பற்றி விசாரிக்க ரகசியப் போலீஸ் வந்திருக்கிறது என்ற செய்தி காலை ஏழு மணிக்குள் திண்டுக்கல் மேட்டுப்பட்டி முழுவதற்கும் தெரிந்துவிட்டது. மிக்கேல்ராஜுக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாக, ஏழே காலுக்குத்தான் தெரிந்தது. அப்போது அவன் பீர் முகமது கடையில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"இருதயநாதன்னு எம்.ஏ. படிக்கிற பிள்ளை. ஆளு எப்படி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் சடையாண்டி.

சடையாண்டி தனிப்பிரிவுக் கான்ஸ்டபிள். யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக வேட்டி சட்டையில்தான் வருவார். ஆனால் வேட்டி கட்டியிருந்தாலும் அவர் கால் மட்டும் போலீஸாகவே நடந்தது. திண்டுக்கல்லில் அவரைத் தெரியாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான்.

பீர் முகமது இருதயநாதனைத் தங்கமான பிள்ளை என்றார். டீ குடித்துவிட்டு எழுந்தால் கிளாஸைத் தானே எடுத்துக் கழுவுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போவானாம். இருபது வருஷக் கடையில் அப்படிச் செய்தவர் வேறு யாரும் இல்லையாம். என்ன விஷயம் என்று கேட்டார்.

"அது சொல்லக்கூடாது. டில்லி விசயம்" என்றார் சடையாண்டி.

மிக்கேல்ராஜ் அதுவரை ஆற்றிய டீ அவ்வளவும் வீண். உள்ளே இறங்கியது நெருப்பாகத்தான் இறங்கியது.

டில்லியில் திண்டுக்கல் பையனைப் பற்றிக் கேட்கிற விஷயம் அந்த வருஷம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சீனச் சண்டை முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. டில்லியில் உலக விவகார மன்றம் ஒன்று, எம்.ஏ. படிக்கும் மாணவர்களைக் கோடை விடுமுறையில் பத்து வாரம் வரவழைத்து, அயல்நாட்டு விவகாரத்திலும் தேசப் பாதுகாப்புக் கொள்கையிலும் பயிற்சி கொடுக்கப்போவதாக ஜனவரியில் விளம்பரம் செய்திருந்தது. பெரிய அதிகாரிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அறிக்கை தயாரிக்கலாம். தேறினால் அங்கேயே வேலைக்கும் வழி உண்டு. படிப்பகத்தில் அந்த ஆங்கிலப் பத்திரிகையை முதலில் பார்த்தவன் மிக்கேல்ராஜ். பார்த்ததும் சட்டைப்பையிலிருந்த பிளேடால் விளம்பரத்தை அழகாக வெட்டி எடுத்துக்கொண்டான். அன்றைக்கே மனுவும் போட்டுவிட்டான். படிப்பகத்துக்கு வருகிறவர்களில் அதைப் படித்துப் பயன்பெறக்கூடியவர் இன்னும் ஒரே ஒருவர்தான் இருந்தார்.

மிக்கேல்ராஜும் இருதயநாதனும் அடுத்தடுத்த வீடு. ஒரே வாரத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். பள்ளியில் இவன் எண்பது வாங்கினால் அவன் எண்பத்திரண்டு. இவனுக்குக் காய்ச்சல் நூறு என்றால் அவனுக்கு நூற்றிரண்டு. பங்குச் சாமியார் அந்த வீட்டுக்குத்தான் முதலில் போவார். இந்த வியாதி தாய்வழி வந்தது. பாதுகாப்பு நிதிக்கு இருதயத்தின் அம்மா சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள் என்று கேள்விப்பட்ட அன்று, மிக்கேலின் அம்மா அல்போன்சா, கம்மலோடு மோதிரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்து ஒரு வாரம் அழுதாள்.

இருதயநாதன் கர்வியாக இருந்திருந்தால் மிக்கேலுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் நல்லவனாக இருந்து தொலைத்தான். சிரிக்கும்போது அவன் இடது கண் சற்று மூடிக்கொள்ளும். அதை நினைவில் வைத்திருப்பவர்கள் இப்போது அதிகம் இல்லை. மிக்கேலுக்கு டில்லி என்பது தலைநகரம் அல்ல. இருதயநாதன் இல்லாத ஓர் ஊர். அதனால்தான் அது வேண்டியிருந்தது.

அன்று இருவரும் மதுரைக்குக் கல்லூரி போகும் ரயிலில் மிக்கேல் பொறுத்துப் பார்த்தான். அம்பாத்துரை தாண்டியதும் முடியவில்லை.

"ஏலே, டில்லிக்கு ஏதாச்சும் எழுதிப் போட்டியா?"

இருதயநாதனின் காது சிவந்தது. "அதைப் பத்தி யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கு. விட்டுரு மிக்கேலு."

கொடைரோட்டில் நிலக்கோட்டை மல்லிகைக் கூடைகள் ஏறின. பெட்டி முழுக்க வாசனை. மிக்கேலுக்கு மூச்சு முட்டியது. தான் பிளேடால் வெட்டியது ஒரு பிரதியைத்தான் என்பதும், பத்திரிகைக்காரன் இன்னும் பல ஆயிரம் அச்சடித்திருப்பான் என்பதும் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

மாலையில் ஸ்டேஷன் வாசலில் சடையாண்டியைப் பிடித்துவிட்டான். தன்னை இருதயநாதனின் உயிர்ச் சிநேகிதன் என்று அறிமுகம் செய்துகொண்டான். அவனைப் போல ஒழுக்கமான பிள்ளை கிடையாது என்று ஆரம்பித்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்ணுமில்ல, வாசிக்கிற பழக்கம்தான் செத்த கூடுதல். சீனாக்காரன் பத்திரிகையெல்லாம் வரவழைச்சு வாசிப்பான்."

சடையாண்டி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். பையிலிருந்து சின்ன நோட்டும் பென்சிலும் வந்தன. "எந்தச் சீனா?" என்று கேட்டுவிட்டு, கேள்வி சரியில்லை என்று அவரே தலையாட்டிக்கொண்டு எழுதினார். பத்திரிகையைக் கண்ணால் பார்த்ததுண்டா என்றார். பார்த்திருக்கிறேன் என்றான் மிக்கேல். அப்படியானால் உங்கள் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் என்று கேட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நாளை மறுநாள் வந்து பத்திரிகையைத் தானும் பார்ப்பதாகச் சொன்னார்.

வீட்டுக்கு நடக்கும்போது மிக்கேலுக்கு முதல் பத்து அடி சந்தோஷமாக இருந்தது. பதினோராவது அடியில், அந்தப் பத்திரிகையைத் தான் எங்கே பார்த்தோம் என்பது ஞாபகம் வந்தது.

தன் வீட்டில்தான். சண்டைக்கு முன்னால் ஒரு கார்டு எழுதிப் போட்டால் மாதாமாதம் வீடு தேடி வந்துகொண்டிருந்தது. வழவழவென்ற தாள், கலர்ப் படம். கார்டு போட்டவன் மிக்கேல்ராஜ்தான். இருதயநாதன் ஒருநாள் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, தாள் நன்றாயிருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்ததோடு சரி.

ஓடிப்போய்ப் பரணில் தேடினான். ஒன்றுகூட இல்லை. எட்டாவது படிக்கும் தங்கை ரோசலின்தான் விடை சொன்னாள்.

"அதுவா? நோட்டுக்கு அட்டை போட்டேன். மிச்சத்தை எங்க கிளாஸ் பிள்ளைகளுக்குக் குடுத்தேன். கேட்டாளுக."

"எத்தனை பேருக்கு?"

"எல்லாத்துக்கும்தான். ஒருத்திக்குக் குடுத்து ஒருத்திக்குக் குடுக்காட்டி சண்டை வருமில்ல."

கன்னியர் மடத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முழுவதும் சீனத்து டிராக்டர், சீனத்து அணைக்கட்டு, கொடி பிடித்துப் போகும் சீனத்துக் குழந்தைகள். உள்ளே, சரித்திர நோட்டில், நம்முடைய மாமன்னர்களின் ஆட்சிச் சிறப்பு. அதைக் கொடுத்தவள் ரோசலின். ரோசலினுக்கு அண்ணன் யார் என்று கண்டுபிடிக்க ரகசியப் போலீஸ் தேவையில்லை.

மிக்கேல் யோசித்து ஒரு திட்டம் போட்டான். பாதுகாப்புக் கொள்கை படிக்கப் போகிறவனுக்கு இதுகூட முடியாதா என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டான். பழைய அட்டையைக் கழற்றிக் கொண்டுவந்தால், வீட்டில் புதுக் காக்கித் தாள் அட்டை போட்டுத் தரப்படும் என்று ரோசலின் வகுப்பில் சொல்ல வேண்டியது. ஏன் என்று யாராவது கேட்டால், அண்ணனுக்கு வேண்டுதல் என்று சொல்ல வேண்டியது.

ரோசலின் நன்றாகவே சொல்லிவிட்டாள். மறுநாள் நாலரை மணிக்கு வீட்டு வாசலில் எட்டாம் வகுப்பு நின்றது. அதற்குப் பின்னால் ஏழாம் வகுப்பு நின்றது. இலவச அட்டை என்றால் வகுப்பு என்ன கணக்கு. சீனத்து அட்டை இல்லாதவர்கள் ருஷ்யாக்காரன் அட்டை, ஜெர்மன்காரன் மருந்துக் கம்பெனி காலண்டர், யார் வீட்டிலோ கிடந்த அமெரிக்காக்காரன் பத்திரிகை என்று கையில் கிடைத்ததைப் போட்டு எடுத்துவந்திருந்தார்கள். மிக்கேல் கூடத்தில் சம்மணம் போட்டு, பசைக் கிண்ணத்தோடு, இருட்டும்வரை அட்டை போட்டான். அல்போன்சா பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பையன் இந்நேரம் படித்துக்கொண்டிருப்பான் என்றும் சொன்னாள்.

கடைசிப் பெண் போனபோது, முன்பு ஊரெல்லாம் சிதறிக் கிடந்த அந்நிய நாட்டுத் தாள் அவ்வளவும் மிக்கேல்ராஜ் வீட்டுக் கூடத்தில் இடுப்பளவுக்குக் குவிந்திருந்தது.

விடிந்ததும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினான். வழவழத் தாள் லேசில் எரியாது என்பது அவனுக்குத் தெரியாது. சீனாவும் ருஷ்யாவும் சேர்ந்து கரும்புகையாகக் கிளம்பி, மாதா கோயில் மணிக்கூண்டு வரைக்கும் போயின. தோல் பதனிடுகிற ஷாப்பில் தீ என்று யாரோ சொன்னார்கள். முதலில் வாளியோடு சுவர் ஏறிக் குதித்தவன் இருதயநாதன்தான்.

தண்ணீரை ஊற்றினான். பாதி எரிந்த தாள்கள் மேலே மிதந்தன. ஒன்றில் செங்கொடி ஊர்வலம், கரியாகாமல் தெளிவாகத் தெரிந்தது. இருதயநாதன் அதைப் பார்த்தான். மிக்கேலைப் பார்த்தான். காலால் சாம்பலைத் தள்ளி அதை மூடினான்.

"நான் யாருக்கும் சொல்ல மாட்டேன் மிக்கேலு. நீ பயப்படாத" என்றான்.

மிக்கேல் அதுவரை பயப்படவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டபிறகுதான் பயந்தான். சொல்ல மாட்டேன் என்று ஒருவன் எதற்குச் சொல்ல வேண்டும்? சொல்லலாம் என்று நினைத்ததால்தானே? டில்லிக்காரர்கள் கூப்பிட்டு, உங்கள் ஊரிலிருந்து இன்னொரு மனு வந்திருக்கிறதே, அந்தப் பையன் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். இருதயநாதன் இடது கண்ணைச் சற்று மூடிச் சிரித்தாலே தன் கதை முடிந்தது.

எட்டு மணிக்குச் சடையாண்டி வந்தார். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, அதற்குள் சுருட்டி வைத்திருந்ததை நீட்டினார். கணக்கு நோட்டு. அதன் மேல் நெல் நாற்று நடும் சீனத்துப் பெண்கள்.

"எம் மக நோட்டு தம்பி. நேத்து காய்ச்சல்னு பள்ளிக்கூடம் போகல. காலையிலதான் பார்த்தேன். இதுக்கும் ஒரு அட்டை போட்டுக் குடுங்க."

மிக்கேல் அட்டை போட்டுக் கொடுத்தான். சடையாண்டி திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரம் சரியாக மடித்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். நெல் நடும் பெண்களை அடுப்பில் வைத்துவிட்டு, எரிந்து முடிகிறவரை இருவரும் அடுப்படியில் நின்றார்கள். சீனப் பத்திரிகை என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது என்பதில் அரசாங்கத்துக்கும் பொதுமக்களுக்கும் ஒருமித்த கருத்து ஏற்பட்டது.

"ஆனா ஒரு சிக்கல்" என்றார் சடையாண்டி. அந்தப் பையன் விஷயத்தில் ஒரு சங்கதி கிடைத்திருக்கிறது என்று இன்ஸ்பெக்டரிடம் முந்தாநாளே சொல்லிவிட்டாராம். இப்போது ஒன்றுமில்லை என்று போனால், யாரிடம் என்ன வாங்கினாய் என்று கேட்பாராம். "வேற ஏதாச்சும் சின்னதா இருந்தாச் சொல்லுங்க. பெரிசா வேணாம். வாயால சொன்னா நிக்காது, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மிக்கேல் சொல்லவும் நினைத்தான். அந்த நேரம் பார்த்துக் கூடத்திலிருந்து அல்போன்சா, பக்கத்து வீட்டு இருதயம்தான் முதல் ஆளாக வந்து தீயை அணைத்தான் என்றும், பிள்ளை என்றால் அதுதான் பிள்ளை என்றும் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

மிக்கேல் உட்கார்ந்து எழுதினான். தேசத் துரோகம், கெட்ட சகவாசம் என்றெல்லாம் எழுத அவன் மனம் ஒப்பவில்லை. அவனும் பூசைக்குப் போகிறவன்தான். யோசித்து யோசித்து, தனக்கு எது ஆபத்தோ அதற்கு மட்டும் அணை கட்டினான். அந்த வாசகம் இப்படி அமைந்தது: 'திரு. இருதயநாதன் நல்லொழுக்கம் உள்ளவர். ஆயினும் பிறரைப் பற்றி அவர் சொல்வதையும் எழுதுவதையும் நம்ப இயலாது. உள்ளதை உள்ளபடி சொல்லும் இயல்பு அவருக்கு இல்லை. தமக்கு அறிமுகமான ஒருவரைக் குறித்து அவர் கருத்துத் தெரிவிப்பாராயின், அதனைத் தள்ளிவிடுதல் நலம். இது இருபது ஆண்டுப் பழக்கத்தில் நான் அறிந்தது.'

முதல் வாக்கியத்தை மனச்சாட்சிக்காகப் போட்டிருந்தான். அது இருப்பதால் மற்றது எடுபடாமல் போய்விடுமோ என்று சந்தேகம் வந்து அதைக் கோடு போட்டு அடிக்கப் போனான். சடையாண்டி கையைப் பிடித்துத் தடுத்தார்.

"அது இருக்கட்டும் தம்பி. நல்லதும் சொல்லி நொட்டையும் சொன்னாத்தான் மேல இருக்கவுக நம்புவாக."

அதற்குப் பிறகு ஒரு மாதம் மிக்கேல் தூங்கினான், சாப்பிட்டான், ரயிலில் இருதயநாதன் கொடுத்த பலகாரத்தையும் வாங்கிச் சாப்பிட்டான். ஒருநாள் கூடல்நகரில் ரயில் நின்று கிடந்தபோது, எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதே நேரத்தில் இருதயநாதன், புரொபசர் தன் கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டியதைச் சொல்ல ஆரம்பித்தான். தோன்றியது போய்விட்டது.

பங்குனி முடியும் சமயம் டில்லிக் கடிதம் வந்தது. மூன்று வரி. இவ்வாண்டு தங்களைத் தேர்ந்தெடுக்க இயலாமைக்கு வருந்துகிறோம். மிக்கேல் அதை வாசலில் நின்றே படித்தான். படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அல்போன்சா கையிலிருந்து முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவள் பங்குக்குத் தெருவுக்கும் தெரியப்படுத்தினாள். டில்லிக்குப் போகாதவன் என்ற பெயர் ஒரு மணி நேரத்தில் மிக்கேலுக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் அடுத்த வீட்டில் பெட்டி கட்டும் சத்தம் எதுவும் இல்லை. மறுநாள் காலை ரயிலுக்கு இருதயநாதன் வழக்கம்போல வந்தான். பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தவன் தலை நிமிரவில்லை. கண் வீங்கியிருந்தது.

"ரொம்ப எதிர்பார்த்தேன் மிக்கேலு. இப்படி ஆகும்னு நெனைக்கவே இல்ல" என்றான்.

அவனுக்கும் அதே தபாலில் மூன்று வரி வந்திருக்கிறது என்று மிக்கேல் புரிந்துகொண்டான். நேற்று முழுவதும் நெஞ்சில் கிடந்த கல் சட்டென்று பாதியாகக் குறைந்தது. ரயில் வருவதற்குள் மீதியும் கரைந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, இருவரும் ஒரே மார்க். மிக்கேலுக்கு அவன்மேல் பாசமே வந்துவிட்டது. தோளில் கை போட்டான்.

"விடுப்பா. டில்லி இல்லாட்டி என்ன, உலகமா முடிஞ்சு போச்சு" என்றான்.

இருதயநாதன் அவனை அதிசயமாகப் பார்த்தான். இவ்வளவு பெரிய மனசா என்று கேட்பதுபோல அந்தப் பார்வை இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அந்த நல்ல மனநிலை ஞாயிற்றுக்கிழமை வரை நீடித்தது. பூசை முடிந்து பீர் முகமது கடைக்குப் போனபோது, சடையாண்டி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். மிக்கேலைப் பார்த்ததும் ஏனோ கண்ணை எடுத்து டீயைப் பார்த்தார். மிக்கேல் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த விசாரணை என்ன ஆயிற்று என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டான். பைல் முடிந்துவிட்டது, இனிமேல் பேசலாம் என்றார் அவர். தனக்கு யாரை விசாரிக்க வேண்டுமோ அந்தப் பெயரை மட்டும்தான் கொடுப்பார்கள் என்றும், எதற்காக, யாருக்காக என்பதெல்லாம் பைல் திரும்பி வந்தபோதுதான் தானே படித்ததாகவும் சொல்லிவிட்டு, மறுபடி டீயைப் பார்த்தார்.

மிக்கேல் கால்மேல் கால் போட்டுக்கொண்டான். ஜெயித்தவனுக்கு உரிய இரக்கத்தோடு பேசினான். தன்னை விடுங்கள், தனக்கு அடுத்த வருஷம் இருக்கிறது, ஆனால் அந்த இருதயம்தான் பாவம் என்றான்.

"அவன் மனுப் போட்டு, அதுவும் கிடைக்காமப் போயி, ரெண்டு நாளா அழுதுக்கிட்டே இருக்கான்ணே."

சடையாண்டி கிளாஸைக் கீழே வைத்தார்.

"அவரு எங்க தம்பி மனுப் போட்டாரு? உங்களைப் பத்தி, உங்ககூடப் படிக்கிறவரு ஒருத்தரு ரகசியமா எழுதித் தரணும்னு டில்லியில கேட்டாக, அவரு ரெண்டு பக்கம் புகழ்ந்து எழுதியிருந்தாரு. அதை நம்பலாமான்னு விசாரிக்கத்தான் என்னைய விட்டாக, நம்பக்கூடாதுன்னு நீங்கதான கையெழுத்துப் போட்டுக் குடுத்தீக."